மூன்று மாதம் அணையாத மஞ்சள் லைற்

சாவகச்சேரியில் ஒரு அந்தியேட்டி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நாவற்குழிப் பாலத்தடியில் அந்த லைற் முதன்முதலாக எரிந்தது. எஞ்சின் உருவம் போட்ட மஞ்சள் லைற். வண்டி ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, சூட்டு முள்ளும் நடுவில்தான் நின்றது. "இது என்னப்பா புதுசா ஒண்டு எரியுது?" என்று மனைவி கேட்டார். "சும்மா எரியுதாக்கும்" என்றேன். அந்தச் சும்மா மூன்று மாதத்தையும் ஏறக்குறைய 20,000 ரூபாயையும் தின்றது.

கார் 2003 ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது, 1500 சிசி பெற்றோல் எஞ்சின். விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து சொல்பவர்களுக்கு இங்கத்தைய வாகன விலை தெரியாது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இருப்பதைப் பராமரிப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

முதல் கராச்சில் பற்றறி வயரைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் பூட்டினார்கள். லைற் போய்விட்டது. 500 ரூபாய். இரண்டாம் நாள் திரும்ப எரிந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது: இந்த வகைப் பிழையை ஒரு ஓட்டத்தில் கண்டவுடன் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் லைற்றைப் போடாது, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் போடும். பற்றறியைக் கழற்றினால் அதன் ஞாபகம் அழியுமே தவிரப் பிழை அப்படியே கிடக்கும்.

பிறகு நானே, அந்தக் கம்ப்யூட்டர் பதிந்த பிழையைப் போனில் வாசிக்கும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். போனோடு சேர்ந்தது, காரோடு சேரவில்லை. ஸ்கேனரும் காரும் பேசிக்கொள்ளும் பொது முறையான, அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான ஒபிடி 2 ஐ, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த அந்தக் காலத்துக் கார்கள் பல முழுதாகப் பின்பற்றவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே அதே 16 முனைச் சொக்கற் இருக்கும், பேசும் பாஷைதான் வேறு. வாங்குவதற்கு முன் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது கராச்சில் நல்ல ஸ்கேனர் இருந்தது. பி0171 என்று பிழை நம்பர் வந்தது. கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு என்று அர்த்தம். "லீன் எண்டு சொன்னா ஒட்சிசன் சென்சர்தான் அண்ணை" என்றார் அந்தத் தம்பி. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சென்சர் ஒன்று பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சென்சரும் கூலியுமாக 16,500 ரூபாய். நான்காம் நாள் லைற் எரிந்தது. புகைக்குழாயில் ஒட்சிசன் மிஞ்சுகிறது என்று அந்தச் சென்சர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. தந்தி கொண்டுவந்தவனைப் பிடித்து அடித்த கதை.

"பல்பைக் கழட்டி விடு, நிம்மதியா இருக்கலாம்" என்றார் மச்சான். அப்படிச் செய்து விற்ற கார்கள் ஓடித்தான் திரிகின்றன. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் திறப்பை ஒன் செய்தவுடன் அந்த லைற் எரிகிறதா, ஸ்ராட் செய்தபின் அணைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எரியவே இல்லையென்றால் யோசியுங்கள்.

கடைசியில் கோண்டாவில் பக்கம் ஒரு சின்னக் கராச்சுக்குப் போனேன். தகப்பனும் மகனும். ஐயா, போர்க்காலப் பெற்றோல் தடையின்போது யாழ்ப்பாணத்துக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் ஒருவர். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை. "அதுகளுக்குக் கம்ப்யூட்டர் இல்லை, அதால தப்பிச்சுது" என்று சிரித்தார்.

மகன் கோட் நம்பரோடு நிற்கவில்லை. லைற் எரிந்த நேரத்து நிலையைக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்குமாம், அதைத் திறந்தான். வேகம் 0, எஞ்சின் நல்ல சூடு. அதாவது கார் நிற்கும்போதுதான் பிழை. பிறகு ஃபியூவல் ரிறிம் என்ற கணக்கைக் காட்டினான். உள்ளே போகும் காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெற்றோல் விடுகிறது, நிறைப்படி 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. அளக்கும் இடத்தைத் தாண்டி எங்காவது காற்று களவாக நுழைந்தால் கணக்குப் பிசகும், அதை ஈடுகட்ட எவ்வளவு பெற்றோல் கூட்டி விடுகிறது என்பதுதான் அந்த வீதம். 10 வீதத்துக்குள் நின்றால் பரவாயில்லை. என்னுடையது ஐடிலில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, 23. அக்சிலேற்றரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தான், 5 வீதத்துக்கு இறங்கியது.

"அண்ணை, இது பம்ப் இல்லை" என்றான். பம்ப் பலவீனமென்றால், பில்டர் அடைத்திருந்தால், எஞ்சின் வேகம் கூடக் கூடத்தான் பெற்றோல் போதாமல் போகும். இங்கே தலைகீழ். ஓட்டை ஒன்றால் நுழையும் காற்று, எஞ்சின் கொஞ்சமாக மூச்சு விடும் ஐடிலில் பெரிய பங்கு. வேகத்தில் பெருங்காற்றுக்குள் கரைந்துவிடும். மூன்று மாதம் யாரும் பார்க்காத விஷயம், இரண்டு நிமிட வேலை.

ஐயா ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து மற்ற நுனியால் எஞ்சினைச் சுற்றித் தடவினார். "இன்ரேக் கஸ்கற்றடியில சீறுது" என்றார். காற்றுக் குழாய் எஞ்சினோடு சேரும் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு நனைத்த சாக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடும் எஞ்சினில் காபரேற்றர் கிளீனரை ஒவ்வொரு ஹோஸ் மேலும் துளியாக அடித்தார்கள். சூடான சைலன்சர்ப் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பிசிவி ஹோஸில், அதாவது எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்கும் குழாயில் பட்டதும், அது ஓட்டையால் உள்ளே இழுபட்டு எரிந்து, எஞ்சின் ஒருமுறை உறுமியது. மேலே பார்க்க நல்ல ஹோஸ். கழற்றி வளைத்தால் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. இருபது வருஷச் சூட்டிலும் ஒயில் ஆவியிலும் காய்ந்த ஒடியல் மாதிரி விறைத்திருந்தது.

ஸ்டான்லி வீதியில் முதல் கடையில் தந்தது ரேடியேற்றர் ஹோஸ் துண்டு. ஐயா திருப்பி அனுப்பினார். ஒயில் ஆவி பட்டால் அது ஊதிப் போய்விடுமாம். இரண்டாவது கடையில் சரியானது கிடைத்தது, 850 ரூபாய். கூலியாக 2,000 கேட்டார்கள், மனமறிந்து கொஞ்சம் கூடக் கொடுத்தேன். ஐடிலில் இப்போது 3 வீதம். கிளிநொச்சிக்குப் போய் வந்தேன், புகைப் பரிசோதனையும் தாண்டியது, லைற் வரவில்லை.

கழற்றிய பழைய சென்சரையும் கொண்டு போயிருந்தேன். மகன் அதைத் திரும்பப் பூட்டி ஸ்கேனரில் பார்த்தான். ஒரு குறையும் இல்லையாம்.