கமராவைப் போடச் சொல்லாத டீச்சர்

என் ஒன்லைன் வகுப்பில் பிள்ளைகள் கமராவைப் போடத் தேவையில்லை. இதைச் சொன்னால் என்னோடு படிப்பிக்கிற சில டீச்சர்மாருக்குக் கோபம் வரும். "முகம் பார்க்காமல் என்ன படிப்பு? அங்கால கட்டிலில் படுத்துக் கிடப்பாங்கள்" என்பார்கள். கிடக்கலாம். பள்ளிக்கூடத்தில் முன் வாங்கில் இருந்துகொண்டே தூங்கிய பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது வேறு வழியில்லாமல் சூமுக்குப் போனோம். 2022இல் பெற்றோலும் டீசலும் இல்லாமல் போக, மறுபடியும் அதே சூம். பள்ளிக்கூடம் ஒழுங்காகத் தொடங்கிய பிறகும் நான் அந்தப் பின்னேர வகுப்பை விடவில்லை. காரணம் படுவான்கரை, வாவிக்கு அங்கால இருக்கிற ஊர்கள். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளைகள் ரவுனில் ரியூசன் முடித்துவிட்டு இருட்டுக்குள் வீடு போய்ச் சேர ஏலாது. பஸ் ஒரு பிரச்சினை, யானை இன்னொரு பிரச்சினை. இப்போது அக்கரைப்பற்று, சம்மாந்துறையிலிருந்தும் சில பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்.

சரி, கமரா விசயத்துக்கு வருகிறேன். வீடியோவோடு ஒரு மணித்தியாலம் இருந்தால் ஒரு ஜீபி டேட்டாகூடக் கரைந்துவிடும். குரல் மட்டும் என்றால் அதில் ஒரு சின்னப் பங்குதான். பல வீடுகளில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவின் போன். அவர் வயல் வட்டைக்குள்ளிருந்து வந்தால்தான் பிள்ளைக்கு வகுப்பு. அதையும் விடுவோம். பூசாத சுவரையும் கொடியில் தொங்கும் உடுப்பையும் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்ப்பதை எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை விரும்பும்? சில வீடுகளில் மகள் கமராவில் வருவதற்கு வாப்பாவும் உம்மாவும் சம்மதிக்க மாட்டார்கள். அது அவர்கள் வீட்டு முடிவு. நான் அதில் தலையிடுவதில்லை.

முகம் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே. ஒருத்தி மைக்கைத் திறந்தால் தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்கும். இன்னொருத்தி வீட்டில் அம்மப்பா எந்த நேரமும் மாட்டோடு கதைத்தபடி இருப்பார். வெல்லாவெளிப் பக்கத்துப் பையன் ஒருவன், மாதக்கணக்காக "ஓம் டீச்சர்" தவிர வேறு பேச்சில்லை. ஒரு பின்னேரம் ஒருங்கமை சமன்பாடு செய்துகொண்டிருந்தபோது அவன் பக்கமிருந்து படார் படாரென்று சத்தம். யானை வெடி. "டீச்சர், வேலிக்கு அங்கால நிக்கிது, மறுகா வாறன்" என்றுவிட்டுப் போனான். மைக்கை மூட மறந்துவிட்டான். ஆட்கள் கத்துவதும் நாய் குரைப்பதும் தகரத்தில் தட்டுவதும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ரவுன் பிள்ளைகளும் சம்மாந்துறைப் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டு, "எத்தின யானை?", "கொம்பன் இரிக்கா?" என்று சூமின் சட் பெட்டியில் எழுதத் தொடங்கினார்கள். நானும் பேனையை வைத்துவிட்டேன். அவன் வந்து, "போயிற்று டீச்சர், வாழைதான் போச்சு" என்றான். அன்று கதைத்த அளவுக்கு அவன் கதைத்து நான் முன்னம் கேட்டதே இல்லை. எந்தப் பக்கத்தால் வந்தது, போன வருசம் எந்த வீட்டுச் சுவரை உடைத்தது என்று எல்லாம் சொன்னான். அடுத்த வகுப்பில் ஆறாம் கணக்கில் சந்தேகம் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

யானை தினமும் வராது. மற்ற நாட்களில் நான் கேட்கும் கேள்வியைத்தான் நம்பியிருக்கிறேன். "விளங்குதா?" என்று கேட்பதை முற்றாக நிறுத்திவிட்டேன். கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றே அடிப்பார்கள். விளங்காதவன்தான் முதலில் அடிப்பான்! அதற்குப் பதிலாகக் கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் இலக்கம் போட்டுவிட்டு, "எந்த வரியில் நின்றுவிட்டீங்க? இலக்கத்தை எனக்கு மட்டும் அனுப்புங்க" என்பேன். நான்கு, நான்கு, நான்கு என்று வந்து விழும். யார் யார் என்று எனக்கு மட்டும் தெரியும். பெயர் சொல்லாமல் நான்காம் வரியைத் திரும்பச் செய்வேன்.

அப்புறம், காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார். மூன்று விநாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அது நேர் வகுப்பின் கதை. இங்கே குரல் போய்ச் சேரவே நேரம் எடுக்கும், பிள்ளை மைக்கைத் தேட வேண்டும், பக்கத்தில் கத்துகிற தம்பியை அடக்க வேண்டும். மூன்று விநாடி காணாது. கேள்வியைக் கேட்டதும் பிளேன்டீயை எடுத்து ஆறுதலாக ஒரு மிடறு குடிப்பேன்.

கொப்பி திருத்துவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. வட்ஸ்அப்பில் படம் வரும், பாதி நிழல், பாதி தலைகீழ். சிவப்பால் கீறித் திருப்பி அனுப்பினால் பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும். நான் குரல் பதிவு அனுப்புவேன், ஒரு நிமிசத்துக்குள். முதலில் பெயர், அடுத்ததாகச் சரியாகச் செய்த இடம், கடைசியாகத் தவறு. "மகள், மூன்றாம் வரி வரைக்கும் வடிவாகச் செய்திருக்கிறீங்க. அடைப்பை நீக்கும்போது வெளியில் நின்ற மறை அடையாளம், அந்த மைனஸ், உள்ளுக்குள் இருக்கிற இரண்டு உறுப்புக்கும் போக வேண்டும். நீங்க ஒன்றுக்குத்தான் கொடுத்தீங்க." அந்தப் பிள்ளை இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாளாம், அவளுடைய தாய் எடுத்துச் சொன்னார். "டீச்சர், நான் அம்மா கதைக்கன். உங்கட குரல் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த மறை அடையாளம் பாடமாயிற்று."

தாயின் அல்லது தகப்பனின் போனுக்குத்தான் எதையும் அனுப்புவேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவில் பிள்ளையோடு தனியாக மெசேஜில் கதைக்கும் பழக்கம் என்னிடம் இல்லை. நெருக்கம் என்ற பெயரில் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது துண்டாகப் பிடிக்காது.

காசு கட்டாத சூமில் 40 நிமிடத்தோடு வகுப்பு அறுந்துபோகும். பலருக்கு அது எரிச்சல், எனக்கு வசதி. இரண்டாம் லிங்கில் எல்லோரும் வந்து சேரும்வரை கணக்குக் கதைக்க மாட்டேன். நோன்பு மாதத்தில் உம்மா என்ன கஞ்சி காய்ச்சினா, வைகாசியில் எந்த ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கதவு திறந்தாயிற்று என்று அப்போதுதான் தெரியவரும். நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னம் வகுப்பை முடித்துவிடுவேன். அம்மன் திருவிழாவை முடிக்கிற குளிர்த்திச் சடங்கன்று வகுப்பே இல்லை. வைத்தாலும் உடுக்குச் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்காது. உயர்தரத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆள் சேர்க்கிற வகுப்புகளில் இதெல்லாம் ஏலாது. அது வேறு வியாபாரம்.

ஒரு விசயத்தில் மட்டும் பெற்றோருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. வகுப்பை ரெக்கோட் பண்ணித் தரச் சொல்கிறார்கள். கரண்ட் போனால், நெட் விழுந்தால் பிள்ளை பிறகு பார்க்கலாம்தானே என்பது நியாயமான கேள்வி. ஆனால் ரெக்கோட் ஆகிறது என்று திரையில் காட்டியதும் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிழையான பதில் பதிவாகி, பிறகு யாராவது போட்டுக் கேட்பார்களோ என்ற பயம். அதனால் வகுப்பை ரெக்கோட் பண்ணுவதில்லை. முடிந்த பிறகு அன்றைய கணக்குகளை மட்டும் தனியாகச் செய்து, போனில் பதிந்து, சிறிய வீடியோவாகக் குழுவில் போடுகிறேன். அதற்கு எனக்குக் கூடுதலாக அரை மணித்தியாலம் போகிறது, வீட்டில் இரவுச் சாப்பாடு பிந்துகிறது. பெற்றோர் சிலருக்கு இன்னும் மனக்குறைதான். இந்தத் தவணைக்கு இப்படியே போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.