பாரியின் மலையைத் திரும்பிப் பார்த்தபடி ஒரு சைக்கிள் பயணம்

செட்டிநாடு என்றதும் பலருக்கும் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பெரிய முகப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கும் அந்த வீடுகள் பிடிக்கும். ஆனால் அந்த வீடுகளுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே இதே செம்மண்ணில் சங்கப் புலவர்கள் நடந்திருக்கிறார்கள். வள்ளல் பாரியின் பறம்பு மலை, கணியன் பூங்குன்றனாரின் ஊர், ஒக்கூர் மாசாத்தியாரின் ஒக்கூர், கானப்பேரெயில் எல்லாமே காரைக்குடியிலிருந்து சைக்கிள் மிதித்தே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தால் கிட்டத்தட்ட 150 கி.மீ. வட்டம் வருகிறது. பொங்கல் முடிந்ததும் புறநானூற்று உரை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தை மாதம் இந்தப் பக்கம் சைக்கிளுக்கு ரொம்ப நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் நிற்கும், வெயிலும் சுடாது. குன்றக்குடி முருகனையும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரையும் சாலையில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திருப்பத்தூர் போனேன். வழியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிப் போகிற வருகிற வண்டிச் சக்கரத்தில் மிதிபட விட்டிருந்தார்கள். அதன்மேல் சைக்கிள் ஓட்டும்போது டயருக்கடியில் காய் நொறுங்கும் சத்தம் கேட்கும். காரில் போனால் இது காதில் விழவே விழாது.

திருப்பத்தூரிலிருந்து வடக்கே மகிபாலன்பட்டி. இதுதான் பழைய பூங்குன்றம் என்று கொள்ளப்படுகிறது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற ஒற்றை அடியோடு நாம் நிறுத்திக்கொள்கிற அந்தப் பாட்டில் (புறம் 192) பாறையில் மோதி ஒலிக்கும் பேராறு ஒன்றும் அதன் போக்கில் போகும் தெப்பம் ஒன்றும் வருகின்றன. இந்த ஊரைச் சுற்றி அப்படி ஒரு பேராறு கிடையாது. வானத்தைப் பார்த்து வாழும் கண்மாய் நாடு இது. அப்படியென்றால் கணியன் அந்த ஆற்றை வேறெங்கோ நின்று பார்த்திருக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பார்த்த மனிதர்தான் எல்லா ஊரும் நம் ஊரே என்று பாடியிருக்க முடியும் என்று அந்த ஊர்த் தெருவில் நிற்கும்போது எனக்கு உறுதியாகத் தோன்றியது. பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார் பிறந்ததும் இதே மகிபாலன்பட்டியில்தான். பக்கத்தில் நெற்குப்பை. தமிழில் பயணக் கட்டுரைக்கு ஒரு தனி இடம் தேடித்தந்த சோமலெயின் ஊர். பயணக் கட்டுரை எழுதுகிற யாரும் அந்த ஊரைத் தாண்டும்போது கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். நான் நின்றேன்.

அப்புறம் பறம்பு. இன்றைய பிரான்மலை.

வெகுதூரத்திலேயே மலை தெரிய ஆரம்பித்துவிடும். சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் மறைக்க ஒன்றும் இல்லை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், சம்பந்தர் பாடியது, பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14-இல் ஒன்று. மேலே உச்சியில் ஒரு தர்கா. இந்த மலையில் உழாமலே விளைகிற நான்கைப் பாரியின் நண்பரான புலவர் கபிலர் வரிசையாகச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் (புறம் 109). மூவேந்தரும் முற்றுகையிட்டு நிற்கும்போது பாடியது. யானையும் தேரும் கொண்டுவந்தால் இதை வாங்க முடியாது, ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் போங்கள், நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று பகைவர்களுக்கே வழி சொல்கிறார். அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, முந்நூறு ஊரும் ஏற்கெனவே பரிசிலர் கைக்குப் போய்விட்டது என்கிறது அடுத்த பாட்டு.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னக் கண்மாய்க் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் இருந்த இடம் அதுதான். ஒரு முனையில் பாறை, மறு முனையில் மேடு. இரண்டையும் இணைத்து வளைந்து போகிறது கரை. புறம் 118-ஐ எடுத்துப் படித்தேன். ‘எண்ணாள் திங்கள் அனைய கொடுங்கரைத் தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ’. எட்டாம் நாள் பிறை மாதிரி வளைந்த கரையுள்ள தெளிந்த நீர்ச் சிறுகுளம், பாரியின் நாட்டில் உடைந்துபோகிறது. அவ்வளவுதான் பாட்டு. ஐந்தே அடி. பாரி இறந்ததை அதில் கபிலர் சொல்லவே இல்லை.

பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

“எங்கிட்டிருந்து வர்றீக தம்பி?”

“காரைக்குடிங்கய்யா.”

“சைக்கிள்லயேவா? அம்புட்டுத் தூரமும்?”

கரை ஏன் உடையும் என்று அவரிடம் கேட்டேன். கலுங்கு அடைத்துக்கொண்டால் மிஞ்சிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கரைமேல் ஏறும், ஏறினால் மண் கரையும், ஒரு இடத்தில் வாய் விட்டால் அப்புறம் நிறுத்த முடியாது என்றார். “ராவும் பகலும் கரையில ஆள் இருக்கணும் தம்பி. முன்ன நீர்பாய்ச்சி இருந்தாக. ஊரு ஒண்ணா இருந்தாத்தான் கம்மா நிக்கும்.” கபிலர் பாட்டை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆள் இல்லாமப் போச்சுல்ல” என்றார். இவ்வளவு நாள் படித்த எந்த உரையைவிடவும் அவர் சொன்னதுதான் எனக்கு அந்தப் பாட்டைத் திறந்துகாட்டியது. பார்த்துக்கொள்ள ஒருவன் இல்லாத நாட்டில் குளம் உடையும். நண்பனின் சாவைக் கபிலர் குளக்கரையில் வைத்துப் பாடியிருக்கிறார்.

மறுநாள் காலை பிரான்மலையை விட்டுக் கிளம்பினேன். உண்மையில் நான் வந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். பாரி போனபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் இந்த மலையை விட்டுப் போகிறார். ‘நீர்வார் கண்ணேம் தொழுதுநிற் பழிச்சிச் சேறும்’ என்று மலையிடமே விடைபெறுகிறார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துப் பாடியதுதான் புறம் 114: ‘ஈண்டுநின் றோர்க்கும் தோன்றும் சிறுவரை சென்றுநின் றோர்க்கும் தோன்றும் மன்ற’. இங்கே நிற்பவர்க்கும் தெரியும், இன்னும் கொஞ்சம் போய் நிற்பவர்க்கும் தெரியும், பாரியின் குன்று.

நானும் நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். சைக்கிளில் பின்னால் பார்க்க வேண்டுமென்றால் நிறுத்தி, கால் ஊன்றி, உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டும். முதல் திருப்பத்தில் மலை முழுசாக நின்றது. சிங்கம்புணரி நெருங்கும்போது பாதி நீலமாகிவிட்டது. ஊரைத் தாண்டிப் பனைமரங்களுக்கு இடையே மறுபடி தெரிந்தது. இனி தெரியாது என்று நினைத்து மிதித்தால், ஒரு கண்மாய்க் கரை மேட்டில் ஏறியதும் திரும்ப வந்து நின்றது. தந்தையை இழந்த இரண்டு பெண்களை நடத்திக் கூட்டிப்போகிறவருக்கு அந்த மலை இப்படி விடாமல் தெரிந்துகொண்டே இருந்தது எவ்வளவு பெரிய வேதனை! ‘தோன்றும் மன்ற’ என்பதைப் பறம்பின் உயரத்துக்கான புகழாகவே நான் படித்திருந்தேன். அந்தச் சாலையில் அது அழுகையாகத்தான் கேட்டது. காலால் நடந்து போனவர் பாட்டு இது. மெதுவாக விலகிப் போகிறவர்களுக்குத்தான் பிடிபடும்.

திருப்பத்தூர் வந்து தெற்கே மதகுபட்டி வழியாக ஒக்கூர். போர்முரசு கேட்டு ஒரே மகனையும் அனுப்பும் தாயைப் பாடியவர் என்றுதான் பள்ளியில் ஒக்கூர் மாசாத்தியாரை அறிமுகப்படுத்துவார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய அகநானூறு 384. வினை முடித்து வீடு திரும்பும் தலைவன் தேர்ப்பாகனிடம் கேட்கிறான்: தேரில் ஏறியது தெரியும், வந்த வழி தெரியவில்லையே, காற்றைப் பூட்டினாயா, உன் மனத்தைப் பூட்டினாயா? அன்றைக்கு எதிர்காற்று. ஒக்கூர் வரைக்கும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் என் தொடையில் பதிந்திருந்தது. இருந்தாலும் ஊர்ப்பலகையைப் பார்த்ததும் அவன் கேட்ட கேள்வியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி. காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம், பங்குனியில் நடத்தும் கம்பன் விழாவின் நிறைவு நாளை இங்கேதான் கொண்டாடும். நான் போனபோது யாரும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் காளையார்கோயிலுக்குப் போனேன்.

காளையார்கோயில்தான் சங்ககாலக் கானப்பேர். ஆழமான அகழி, உயர்ந்த மதில், அடர்ந்த காவற்காடு என்று அந்தக் கோட்டையைப் புறம் 21 வர்ணிக்கிறது. பாண்டியன் உக்கிரப்பெருவழுதியிடம் அதை இழந்த வேங்கைமார்பன், கொல்லன் காய்ச்சிய இரும்பு குடித்த நீரைக்கூட மீட்டுவிடலாம், இதை மீட்க முடியாது என்று வருந்துகிறானாம். 1801-இல் மருது சகோதரர்கள் கடைசியாக நின்று போரிட்டதும் இதே காட்டில்தான். வெள்ளையர்கள் காட்டை வெட்டிப் பாதை போட்டு வந்தார்கள். மருதிருவரின் நினைவிடம் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. காடு இன்றைக்குப் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான்.

அங்கிருந்து கல்லல் வழியாகக் காரைக்குடிக்கு நல்ல சாலை, போக்குவரத்தும் குறைவு. போகிறவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமானும் ஒரு டியூபும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், கருவேல முள் டயரை விடாது. கிராமங்களில் தண்ணீர் கேட்டால் எந்த வீட்டிலும் கொடுப்பார்கள்.

கபிலர் இந்த மலையோடு நிற்கவில்லை. பாரி மகளிருக்குத் திருமணம் தேடி அலைந்து கடைசியில் தென்பெண்ணைக் கரைத் திருக்கோவலூரில் உயிர் விட்டார் என்பது மரபு. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டே இதைச் சொல்கிறது. ஆற்றுக்குள் ஒரு பாறையைக் கபிலர் குன்று என்று இன்றும் காட்டுகிறார்கள். பிரான்மலையிலிருந்து திருச்சி வழியாக அங்கே போக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். அடுத்த தையில் அதைத்தான் மிதிக்கப் போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் இப்போதே சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள்.