சீட்டுக்காசை எந்தப் பெட்டிக்குள் எழுதுவது? லண்டனில் டி.எம்.பி. தொடங்க நான் பட்ட பாடு

டி.எம்.பி. என்றால், மாதம் எங்களால் கட்டக்கூடிய ஒரு தொகையை எல்லாக் கடன்காரருக்கும் பங்கு போட்டுக் கட்டுகிற ஏற்பாடு. அதைப் போடுவதா விடுவதா என்று முடிவெடுக்க மட்டும் எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. கணக்கைப் பார்த்தால் அரை மணித்தியால வேலை. மிச்ச நாளெல்லாம் வெட்கத்திலும், பிழையான இடங்களில் போய் முட்டினதிலும்தான் கழிந்தது. இப்ப கடிதம் வந்தால் கை நடுங்காமல் உடைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

2022 ஐப்பசியில் என் நிலவரம் இது: மூன்று கிரெடிட் காட், ஓர் ஓவர்ட்ராஃப்ட் (கணக்கில் இல்லாத காசை வங்கி எடுக்க விடுவது), தவணையில் உடுப்பும் தளபாடமும் தருகிற கற்றலொக் கடை ஒன்று. எல்லாம் சேர்த்து 17,400 பவுண்ஸ். சூதாடவில்லை, குடிக்கவில்லை. மூத்தவளின் சாமத்திய வீட்டில் தொடங்கியது. அந்தக் கடனை வட்டியில்லாக் கிரெடிட் காட்டுக்கு மாற்றினேன். வட்டியில்லாக் காலம் முடிந்ததும் இன்னொன்றுக்கு மாற்றினேன். மூன்றாம் தரம் கேட்டபோது ஒருவரும் தரவில்லை. அந்த வருடம் காஸ், கரண்ட் விலை ஏறினது எல்லாருக்கும் தெரியும். மாதம் 480 பவுண்ஸ் மினிமம் கட்டுவேன், கடன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதல் பிழை, இரவு பதினொரு மணிக்கு ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தை அமத்தினது. "அரசாங்கத் திட்டம், 80 வீதக் கடன் தள்ளுபடி" என்று போட்டிருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவனுக்குக் காலை எட்டரைக்கே போன். நல்ல இனிமையான குரல். சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று கேட்டா. 450 என்றேன். "600 என்று போடுவோம், அப்பதான் சரியாக வரும்" என்றா. டி.எம்.பி. பற்றிக் கேட்டேன். "அது உங்களுக்குப் பொருந்தாது, வட்டி நிற்காது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டு ஐ.வி.ஏ. என்கிற இன்னொரு கடன் ஏற்பாட்டின் பத்திரத்தைக் கையெழுத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டா. இருபது நிமிடத்தில் என் ஆறு வருட வாழ்க்கையை முடிவு செய்தாச்சு!

கையெழுத்து வைக்கவில்லை. அதற்குக் காரணம் என் புத்தி இல்லை, மூத்தவள். "அப்பா, கீழ சின்ன எழுத்தைப் பாருங்கோ" என்றாள். என்னை ஐ.வி.ஏ. நடத்துகிற நிறுவனத்திடம் அனுப்பி வைத்தால் இவர்களுக்குக் கமிஷன். டி.எம்.பி.க்குப் போனால் ஒரு சதமும் இல்லை. இப்படி ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்கள் கமிஷன் வாங்குவதை, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற எஃப்.சி.ஏ. 2023 ஒக்டோபர் 2ஆம் திகதியிலிருந்து தடை செய்துவிட்டது. ஆனாலும் விளம்பரங்கள் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகின்றன, கவனம்.

ஐ.வி.ஏ. கெட்டது என்று சொல்லவில்லை. பெரிய தொகையில் மாட்டினவர்களுக்கு அதுவே வழியாக இருக்கலாம். ஆனால் அது சட்டப்படியான ஒப்பந்தம். ஐந்தாறு வருடம், பெயர் பொதுப் பதிவேட்டில் கிடக்கும். இடையில் முறிந்தால் கட்டின காசில் கனக்க அவர்களின் கட்டணத்துக்குப் போயிருக்கும், கடன் திரும்ப வாசலுக்கு வரும். டி.ஆர்.ஓ. என்கிற கடன் தள்ளுபடி உத்தரவு எனக்குச் சரிவரவில்லை. செலவு போக மாதம் 75 பவுண்ஸுக்கு மேல் மிஞ்சினால் அது கிடையாது.

டி.எம்.பி.யைக் காசு வாங்காமல் நடத்துகிற ஸ்டெப்சேஞ்ச், பேபிளான் போன்றவை இருக்கின்றன. கேட்டுத் தெளிய நஷனல் டெட்லைன் இருக்கிறது. அப்படிக் காசு வாங்காத ஓர் இடத்தில் பதிந்தேன். அது சுகமாக முடிந்தது. பாடு தொடங்கினது அதற்குப் பிறகு.

"சம்பளம் விழுகிற வங்கியிலேயே உங்களுக்குக் கடன் இருக்கிறது. முதலில் வேறு வங்கியில் கணக்குத் திறவுங்கள்" என்றார்கள். சரிதான். உங்கள் கணக்கில் விழுகிற காசைத் தன் கடனுக்கு எடுக்க வங்கிக்கு உரிமை உண்டு. லீவு நாளில் இல்போர்ட் போய், ஒன்றரை மணித்தியாலம் இருந்து, புதுக் கணக்குத் திறந்துகொண்டு வந்தேன். பெரிய வேலை முடித்த நினைப்பு. இரண்டு கிழமை கழித்து விபரம் சொல்லும்போது ஆலோசகப் பிள்ளை சிரிக்காமல் கேட்டா: "இரண்டும் ஒரே குழுமம் என்று தெரியுமா?"

எனக்கென்ன தெரியும்? பெயர் வேறு, நிறம் வேறு. லொயிட்ஸ், ஹலிஃபாக்ஸ், பாங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட் ஒரு வீட்டுப் பிள்ளைகள். நட்வெஸ்டும் ஆர்.பி.எஸ்.ஸும் அப்படி. எச்.எஸ்.பி.சி.யும் ஃபெர்ஸ்ட் டைரக்டும் அப்படி. திறக்க முதல் இதைப் பாருங்கள். இரண்டாம் தரம் வேறு வங்கியில் ஒன்லைனில் திறந்தேன். ஆனால் வேலையில் கணக்கு மாற்றக் கடைசித் திகதி இரண்டு நாளால் தவறிவிட்டது. அந்த மாதச் சம்பளம் பழைய கணக்கிலேயே விழுந்தது. அதே கிழமை வங்கி ஓவர்ட்ராஃப்டையும் வெட்டிவிட்டது. 1,200 பவுண்ஸ் போன இடம் தெரியவில்லை. வாடகைக்கு மச்சானிடம் கை நீட்டினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் தந்தது இன்னும் கூடக் குத்தியது.

இன்னொரு பொறி. பழைய கணக்கில் டைரக்ட் டெபிட் (மாதா மாதம் கணக்கிலிருந்து தானாகக் காசு எடுக்கிற முறை) எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். கற்றலொக் கடை 140 பவுண்ஸை எடுத்துவிட்டது. அவர்கள் டைரக்ட் டெபிட்டில் எடுக்கவில்லை, முன்பு கொடுத்த காட் இலக்கத்தில் எடுத்தார்கள். அது டைரக்ட் டெபிட் பட்டியலில் வராது. வங்கிக்குப் போன் எடுத்தால், "கடைக்காரன்தான் நிறுத்த வேண்டும், எங்களால் முடியாது" என்றார் ஒரு தம்பி. அது பிழை. நாங்கள் சொன்னால் வங்கி நிறுத்தத்தான் வேண்டும். சொன்ன பிறகு போனதென்றால் காசைத் திருப்பித் தரவும் வேண்டும். இதை வாசித்துவிட்டு அடுத்த நாள் வேறொருவரிடம் பேசினேன், ஐந்து நிமிடத்தில் நிறுத்தினார்கள். நீங்கள் போன் எடுத்தால் திகதி, நேரம், பேசினவரின் பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள். எனக்குப் பிறகு அது உதவியது.

வரவு செலவுப் படிவம் வந்தது. வாடகை, கவுன்சில் ரக்ஸ், காஸ், பஸ், பள்ளிக்கூடச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பெட்டி இருக்கிறது. நாய்ச் சாப்பாட்டுக்குக் கூட இடம் இருக்கிறது. சீட்டுக்கு இல்லை.

இருபது பேர், ஆளுக்கு மாதம் 150. நாலாம் மாதமே கழிவு கூறி எடுத்துச் செலவழித்தாச்சு. கட்ட இன்னும் ஒன்பது மாதம், 1,350 பவுண்ஸ். ஆலோசகப் பிள்ளைக்குச் சீட்டை விளங்கப்படுத்தினேன் பாருங்கள், அது ஒரு தனிக் கதை.

"அப்ப இது சேமிப்பா?"

"இல்லை, எடுத்தாச்சு."

"அப்ப கடனா? யாருக்கு?"

"இருபது பேருக்கும்."

"ஒப்பந்தம் இருக்கிறதா?"

"ஒரு கொப்பி இருக்கிறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெல்லச் சொன்னா. சிநேகிதர்களிடம் பட்ட கடனும் கடன்தான். ஒருவருக்கு முழுதாகக் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குக் குறைத்துக் கட்ட டி.எம்.பி. இடம் தராது, எல்லாருக்கும் அளவுப்படி பங்கு. கணக்குப் போட்டால் சீட்டுக்கு மாதம் 26 பவுண்ஸ் வரும்.

சீட்டுப் பிடிக்கிற அண்ணையிடம் போய், "அண்ணை, இனி மாசம் 26 தாறன், வங்கியோட சேர்த்துப் பங்கு போட்டிருக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு வருமா? காட் கொம்பனிக்குக் கட்டாவிட்டால் கடிதம் வரும். சீட்டுக்குக் கட்டாவிட்டால் கோயிலுக்குப் போக முடியாது. உண்மையில் என்னை ஐந்து மாதம் இழுத்தது இந்த 1,350தான், 17,400 இல்லை. மறைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் ஆலோசகப் பிள்ளையிடம் ஏற்கெனவே சொல்லியாச்சு.

ஒரு நாள் இரவு மனுசிக்கு முழுவதையும் சொன்னேன். அதுவரை அவளுக்குப் பாதித் தொகைதான் தெரியும். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தினாள்தான், ஆனால் கடனுக்கு இல்லை. "என்னப்பா, சீட்டுக் கொப்பியில ஆற்ற பேர் கிடக்குது?" என்றாள்.

அவளின் பெயர். தொடக்கத்திலேயே அவளின் பெயரில்தான் போட்டோம். கட்டினதும் பள்ளிக்கூடக் குசினியில் அவள் எடுக்கிற சம்பளத்தில். நான் கணக்கு எழுதும்போது வீட்டுக் காசெல்லாம் என் காசு என்ற நினைப்பில் என் தலையில் போட்டிருக்கிறேன். ஆலோசகப் பிள்ளையிடம் நடந்ததை நடந்தபடி சொன்னோம், மனுசியும் போனில் வந்து சொன்னாள். கடன் என்னுடையது மட்டும் என்றபடியால், அவளின் வருமானத்தில் வீட்டுச் செலவுக்கு அவள் தருகிற பங்கைத்தான் பார்ப்பார்கள். சீட்டுக் காசு அவளின் செலவு. அந்த ஒன்பது மாதத்துக்கு அவளின் பங்கு குறையும், முடிய மறுபடி பார்ப்போம் என்று எழுதினார்கள். எனக்கு மிச்சம் மாதம் 212 பவுண்ஸ் என்று வந்தது.

இந்தப் படிவ வேலை ஓடும்போது கடன்காரர் சும்மா இருந்தது பிரீதிங் ஸ்பேஸால். அதுவும் நான் கேட்ட பிறகுதான் கிடைத்தது. 60 நாள் வட்டியும் கட்டணமும் நிற்கும், துரத்தலும் நிற்கும். ஆலோசகர் மூலமாகத்தான் போடலாம், நாங்களாகப் போட முடியாது. 2021 மே மாதத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறது. ஸ்கொட்லண்டில் இருப்பவர்களுக்கு முறை வேறு.

2023 பங்குனியில் டி.எம்.பி. தொடங்கியது. இது சட்டக் கட்டுப்பாடு இல்லாத ஏற்பாடு, வட்டியை நிறுத்தத்தான் வேண்டும் என்றில்லை. நாலு பேர் உடனே நிறுத்தினார்கள். ஒரு காட் மூன்று மாதம் கடத்தித்தான் நிறுத்தியது.

அதே காட்தான் கடைசித் தலையிடியும். டிஃபோல்ட், அதாவது கடன் வரலாற்றில் கட்டத் தவறினார் என்ற பதிவு, விழுந்தால் பயப்படுவோம், ஆனால் எப்படியும் டி.எம்.பி.க்குள் போவதென்றால் அது சீக்கிரம் விழுவது நல்லது. விழுந்த திகதியிலிருந்து ஆறு வருடத்தில் அந்தக் கணக்கே பதிவிலிருந்து போய்விடும், கட்டி முடிக்காவிட்டாலும். மற்றவர்கள் 2023 வைகாசிக்குள் போட்டுவிட்டார்கள். இவர்கள் மட்டும் மாதா மாதம் "ஏற்பாட்டின்படி கட்டுகிறார்" என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். பார்க்க மரியாதையாக இருக்கும். ஆனால் கடன் கட்டி முடிந்த பிறகும் ஆறு வருடம் அது பதிவில் கிடக்கும். முறைப்பாடு எழுதினேன். "உங்கள் நன்மைக்காகத்தான் டிஃபோல்ட் போடவில்லை" என்று பதில்! திரும்ப எழுதினேன். மூன்றிலிருந்து ஆறு மாதப் பாக்கிக்குள் டிஃபோல்ட் பதிவதுதான் வழக்கம், நீங்கள் எட்டு வாரத்தில் முடிவு தராவிட்டால் நிதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிடம் போவேன் என்று, குறித்து வைத்த போன் திகதிகளையும் சேர்த்து. ஏழாம் வாரம் வந்த கடிதத்தில் 2023 ஆனித் திகதியிட்டு டிஃபோல்ட் போட்டிருந்தார்கள். டிஃபோல்ட் கிடைத்ததற்கு வீட்டில் பாயாசம் வைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சீட்டு முடிந்து முதல் மறுபார்வையில் கட்டுகிற தொகை 290 ஆனது. மனுசி சீட்டை ஒரு மாதமும் பிந்தவில்லை. அண்ணைக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது, அடுத்த சீட்டுக்குப் பெயர் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் இந்த வருட மறுபார்வை. கவுன்சில் ரக்ஸ் கூடிவிட்டது, சின்னவனுக்குச் சப்பாத்து அளவும் கூடிவிட்டது. பில்களை எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். 290 கொஞ்சம் இறங்கும் போலத்தான் இருக்கிறது.