கத்திரி வெயிலில் குதிரை முகாம்: மே மாத நாட்குறிப்பு

மே 2

நாளை மறுநாள் கத்திரி தொடங்குகிறது. அன்றுதான் பிள்ளைகளும் வருகிறார்கள். பத்து வயது முதல் பதினைந்து வயது வரை. இன்று முழுக்க லாயத்திலும் சேண அறையிலும்தான் இருந்தேன்.

சேணங்களைக் கவிழ்த்து வைத்து, வயிற்றுவார் தைத்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்று நூலை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். மேலே தெரியும் எண்ணெய்ப் பளபளப்பை நம்பக் கூடாது. இற்றுப்போன வார்களைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டேன். குப்பையில் முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள்.

யாரோ நல்லெண்ணத்தில் கொடுத்த சைக்கிள் ஹெல்மெட்டுகள் இருந்தன. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். குதிரையேற்ற ஹெல்மெட் பின்மண்டையைத் தாழ இறங்கி மூடும். உயரத்திலிருந்து விழுவதையும் குளம்படியையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது அது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டும் போக வேண்டியதுதான். வெளியே கீறல்கூட இருக்காது; உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த கருங்குதிரையைச் சவாரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அருமையான குதிரை. ஆனால் கடிவாள வாரில் பிடி இறுகினால் அதன்மேல் சாய்ந்து வேகம் பிடிக்கத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். பயந்த பிள்ளை முதலில் செய்வது வாரை இழுப்பது. அந்தக் குதிரை தேய்த்துவிடும் பாடத்துக்கு மட்டும் வரட்டும்.

மே 4

முதல் நாள். யாரையும் ஏற்றவில்லை.

குதிரையின் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குப் பார்வை கிடையாது. அதனால் இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்துப் பிடிக்க வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரியும்வரை திரும்பத் திரும்பப் போடவைத்தேன். காது பின்னால் படிந்தால் என்ன, ஒரு பின்னங்கால் தளர்ந்து ஓய்ந்திருந்தால் என்ன என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். மாலைக்குள் பாதிப் பேர் சரியாகச் சொன்னார்கள்.

அழைத்துப்போக வந்த ஒரு தந்தை, "இவ்வளவு பணம் கட்டியும் குதிரைமேல் உட்கார்ந்து ஒரு புகைப்படம்கூட இல்லையா, மேடம்?" என்று கேட்டார். பணம் கட்டியவரின் ஏமாற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் படும் காயங்களில் தரையில் நிற்கும்போதே மிதியும் உதையும் பட்டு வருபவை உண்டு. தரையில் நிற்கத் தெரியாத பிள்ளையை நான் மேலே ஏற்றமாட்டேன்.

மே 5

விடிகாலை ஆறு மணிக்கு 29 டிகிரி. பாரன்ஹீட்டில் 84. ஈரப்பதம் 82 சதவீதம். குதிரைக்காரர்கள் பல நாடுகளில் வைத்திருக்கும் கணக்குப்படி இரண்டையும் கூட்டினால் 166. கூட்டுத்தொகை 130-க்குள் இருந்தால் கவலை இல்லை. 150-ஐத் தாண்டினால் குதிரையின் உடல் சூட்டை வெளியேற்றத் திணறும். 180-க்கு மேல் வேலையே கூடாது. அதாவது, "காலையில் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது" என்று நாம் நினைக்கும் நேரத்திலேயே குதிரை எச்சரிக்கைக் கோட்டைக் கடந்து நிற்கிறது. வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே வழிந்தால் உடல் ஆறாது. இந்தக் கணக்கில் வெயில் சேரவும் இல்லை.

ஆகவே 5.45 முதல் 7.30 வரை மட்டும் சவாரி. ஒரு குதிரைக்கு ஒரு நாளில் இருபது நிமிடம்தான், அதுவும் நடையும் மெல்லோட்டமும். மாலைச் சவாரியை ரத்து செய்துவிட்டேன். நிர்வாகத்துக்கு இதில் மனத்தாங்கல். எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

மே 8

முத்து இன்று வியர்க்கவில்லை.

மற்ற குதிரைகள் எல்லாம் சேணத்தடியில் நனைந்து திரும்பின. முத்துவின் தோள் தூசி ஒட்டும் அளவுக்குக் காய்ந்திருந்தது. மூக்குத் துளைகள் விரிந்து, நிழலில் நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியும் மூச்சு தணியவில்லை. வெப்பநிலை 39.8. இயல்பாக 37.5-க்கும் 38.5-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

குளிர்ந்த நீரைக் கொண்டுவரச் சொன்னேன். லாயத்தில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் பெரியவர் வாளியைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அம்மா, சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும்" என்றார். அவர் சொன்னதில் இருந்தது குதிரைமேல் உள்ள பாசம்தான். உலகம் முழுவதுமே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி வெப்பத்தைப் பற்றி நடந்த ஆய்வுகள்தான், குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றுவது தீங்கில்லை, அதுவே சிறந்த வழி என்று காட்டின. "ஐயா, ஊற்றிக்கொண்டே அளந்து பார்ப்போம். ஏறினால் நிறுத்திவிடுகிறேன்" என்றேன். கழுத்து, மார்பு, தொடை என்று பிள்ளைகள் வரிசையாக நின்று வாளி கடத்தினார்கள். வெப்பமானி 38.6 காட்டியபோது பெரியவரே அதை வாங்கி இருமுறை பார்த்தார். அதன்பின் அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த கடலோரங்களில் சில குதிரைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் ஓய்ந்துவிடும். உறுதியான மருந்து இல்லை. குளிர்ந்த ஊருக்கு மாற்றுவதே வழி. முத்துவை மலைப்பக்கம் அனுப்பும்படி உரிமையாளரிடம் பேசியாகிவிட்டது.

மே 9

முத்து ஓய்வில். சவாரி முறை குறைந்ததைப் பற்றி எந்தப் பிள்ளையும் முணுமுணுக்கவில்லை. நேற்று வாளி கடத்தியவர்கள் அல்லவா!

மே 12

பறந்து வந்த பிளாஸ்டிக் பை ஒன்றைக் கண்டு செவலை பக்கவாட்டில் துள்ளியது. மெல்லோட்டத்தில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி விழுந்தாள். கால் வைக்கும் அங்கவடியின் ரப்பர் வளையம் கழன்றுகொண்டதால் கால் உடனே விடுபட்டது. கால் மாட்டி இழுபடுவதுதான் இந்தத் தொழிலில் நான் மிகவும் அஞ்சும் விஷயம். குதிகால் உள்ள காலணி இல்லாவிட்டால் ஏறக் கூடாது என்று நான் விடாப்பிடியாக இருப்பதும் இதனால்தான்.

மற்ற எல்லாக் குதிரைகளையும் நின்ற இடத்திலேயே நிறுத்தினோம். அவளை யாரும் தூக்கவில்லை. கழுத்து வலிக்கிறதா, கைகால் மரத்திருக்கிறதா, இன்று என்ன கிழமை என்று படுத்தபடியே பதில் சொல்லவைத்தோம். பிறகு மருத்துவமனை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஹெல்மெட்டின் உட்பகுதி ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. அதை உடைத்துப் போட்டேன்.

"உடனே மறுபடி ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளும்" என்று அவள் தந்தை தொலைபேசியில் சொன்னார். இந்தப் பழைய வழக்கத்தை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். தலையில் பட்ட அதிர்ச்சி சில மணி நேரம் கழித்துக்கூட வெளிப்படலாம். அந்நிலையில் இன்னொரு முறை விழுந்தால் விளைவு பல மடங்கு மோசமாகும். பயத்தைப் போக்க நாட்கள் இருக்கின்றன. மருத்துவர் சம்மதிக்காமல் அவள் ஏறமாட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

மே 14

இன்று சாணப் பாடம். பிள்ளைகள் இதற்கு இவ்வளவு ஆர்வம் காட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மணல் நிலத்தில் புல்லைக் கீழே போட்டால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். அது குடலில் தங்கிக் கடும் வயிற்றுவலி உண்டாக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது அந்த முப்பது மீட்டர் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கண்ணாடிப் புட்டிகளில் ஒவ்வொரு குதிரையின் சாணத்தையும் நீரில் கரைத்து வைத்தோம். சிறிது நேரத்தில் செவலையின் புட்டியில் மட்டும் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் படிந்தது. ஒரு சிறுவன் செவலையின் கொட்டடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "மிஸ், அதன் தொட்டியில் ஓட்டை இருக்கிறது, புல் எல்லாம் தரையில் கிடக்கிறது" என்றான். நாங்கள் பெரியவர்கள் அத்தனை பேரும் கடந்து நடந்த இடம் அது. மதியத்துக்குள் தொட்டி மாற்றப்பட்டது.

கொள்ளை இரவே ஊறவைப்பது, கேரட்டை வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குவது, இரண்டும் இனி பிள்ளைகளின் பொறுப்பு.

மே 17

விழுந்த சிறுமிக்கு மருத்துவர் சம்மதம் கொடுத்துவிட்டார். அவளோ இன்று செவலையைக் கையில் பிடித்து நடத்த மட்டுமே விரும்பினாள். அப்படியே செய்தோம்.

மே 20

இந்தக் குழுவுக்குக் கடைசி நாள். நாலுகால் பாய்ச்சல் காட்ட வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். பிள்ளைகள் குளம்பைத் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்து காட்டினார்கள். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினார்கள். செவலைக்கு 36. அந்தச் சிறுமி இரண்டு சுற்று நடையில் ஏறி வந்தாள்.

அடுத்த குழு 23-ஆம் தேதி. பெற்றோருக்கான கடிதத்தில் இம்முறை டெட்டனஸ் தடுப்பூசி விவரத்தோடு பிள்ளையின் எடையையும் கேட்டிருக்கிறேன். சேணத்தோடு சேர்த்துச் சுமை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மட்டக்குதிரை 200 கிலோதான். நாற்பது கிலோ பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியாது.