முகப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் இன்ஸ்டால் பக்கம்

அறிவியல் மென்பொருள் ஒன்றின் தளத்தைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் பேச்சு முதலில் லோகோவுக்கும் நிறத்துக்கும்தான் போகும். புதிதாக வருபவர் தடுக்கி விழுவது அங்கே இல்லை. மென்பொருளை இறக்கித் தன் கணினியில் முதல் விடையைப் பார்ப்பதற்குள் இருக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள்.

முகப்புக்கு அதிகம் தேவையில்லை. உள்ளே என்ன தரவு போகும், வெளியே என்ன வரும், எந்த மொழியில் இயங்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘நுண்ணோக்கிப் படங்களில் செல்களை எண்ணி, ஒவ்வொன்றின் பரப்பளவையும் அட்டவணையாகத் தரும் பைத்தான் நூலகம்’ என்றால் வந்தவருக்குத் தன் வேலைக்கு ஆகுமா என்று தெரிந்துவிடும். ‘அதிவேக, நெகிழ்வான, நவீன’ என்றால் ஒன்றும் தெரியாது. எதற்கு ஆகாது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. பைத்தானின் எண் கணக்கீட்டு நூலகமான நம்பை 2020-இல் தளத்தைப் புதுப்பித்தபோது, கருந்துளையின் முதல் படம், ஈர்ப்பலைகளைக் கண்டறிந்தது போன்ற பயன்பாடுகளை முன்னிறுத்தியது. சின்ன நூலகத்துக்கு அந்தக் கொடுப்பினை இருக்காது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் நிஜமான படம் ஒன்று போதும்.

இன்ஸ்டால் பக்கத்துக்கு வருவோம். வழக்கமான தவறு, பிப், காண்டா என்ற நிறுவும் கருவிகள், எல்லாம் அடங்கிய பெட்டியாகத் தரும் டாக்கர், மூல நிரலிலிருந்து தானே பில்ட் செய்வது என்று எல்லா வழிகளையும் சம அந்தஸ்தில் அடுக்குவது. எதை எடுப்பது என்று தெரிந்தவருக்கு அந்தப் பக்கமே தேவையில்லை, தெரியாதவருக்கு அது உதவாது. ஒரு வழியைப் பரிந்துரைத்துவிட்டு மற்றவற்றைக் கீழே மடக்கி வையுங்கள். பில்ட் செய்யும் குறிப்புகள் பங்களிப்பாளர் பகுதிக்குப் போகட்டும். புதியவர் தெரியாமல் அதில் நுழைந்தால், மூல நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் இல்லை என்ற பிழையோடு கதை முடிந்தது.

வெறுமனே ‘பிப் இன்ஸ்டால்’ என்று எழுதினால், கணினியில் இரண்டு பைத்தான் இருக்கும்போது பொதி (நிறுவப்படும் நூலகம்) ஒன்றில் போய் உட்காரும், நிரல் இன்னொன்றில் ஓடும். ‘இன்ஸ்டால் செய்துவிட்டேன், ஆனால் மாட்யூல் இல்லை என்கிறது’ என்ற புகாருக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இதுதான். ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று கொடுத்தால் எந்தப் பைத்தானை அழைக்கிறாரோ அதிலேயே போய்ச் சேரும். நிரலையும் விடையையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜூபிட்டர் நோட்புக்கில் இருப்பவருக்கு, விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் பிப் கட்டளையைத் தனியாகக் காட்டுங்கள். லினக்ஸில், டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், கணினியோடு வரும் பைத்தானில் பிப் நேரடியாக நிறுவ மறுக்கும். அந்தப் பிழைக்குத் தீர்வு தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும் குறுக்குவழி, ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற தேர்வைச் சேர்ப்பது. என்ன உடையும் என்பதைப் பெயரே சொல்கிறது! அதற்கு முன்பே, தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (கணினியின் பைத்தானைத் தொடாத தனி இடம்) உருவாக்கி இயக்கும் இரண்டு வரியை நீங்களே கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் இயக்கும் கட்டளை வேறு என்பதால் அதற்குத் தனித் தாவல் வேண்டும்.

பொதியின் பெயரும் இம்போர்ட் பெயரும் வேறு வேறானால் அதைக் கண்ணில் படும்படி எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, இயந்திரக் கற்றல் நூலகம் ஒன்று நிறுவும்போது ‘சைக்கிட்-லேர்ன்’, நிரலில் இம்போர்ட் செய்யும்போது ‘எஸ்கேலேர்ன்’. இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக் கெட்ட எண்ணத்தோடு யாரும் பெயரைப் பிடித்துவிடக் கூடாது என்றே, இரண்டாவது பெயரிலும் ஒரு பொதியை அந்த நூலகத்தார் வைத்திருந்தார்கள். 2023 டிசம்பரிலிருந்து அதை நிறுவ முயன்றால் பிழைதான் வரும்.

பக்கத்தின் கடைசியில், பதிப்பு எண்ணை அச்சிடும் ஒரு சோதனை வரியும், அதற்கு வரவேண்டிய வெளியீடும். அதன் கீழே சிக்கல்கள், ஒவ்வொன்றுக்கும் பிழைச்செய்தியே தலைப்பாக. ஏனென்றால் மக்கள் தேடுபொறியில் ஒட்டுவது அந்தச் செய்தியைத்தான். ‘பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்’ என்று வந்தால், பயனர் தன் கோப்புக்கு நூலகத்தின் பெயரையே வைத்திருக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வைத்திருந்தால் இம்போர்ட் அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். கட்டளைப் பெட்டிகளில் முன்னால் நிற்கும் டாலர் குறியும் மூன்று அம்புக்குறியும் நகலில் வரக்கூடாது. ஆவணத் தளம் உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்ஸில், நகல் பொத்தான் தரும் காப்பிபட்டன் நீட்சியை அமைத்தால் அது பார்த்துக்கொள்ளும்.

முதல் பாடத்துக்கான தரவு மென்பொருளோடு சேர்ந்தே வரவேண்டும். ‘உங்கள் கோப்பின் பாதையை இங்கே இடுக’ என்று எழுதினால், விண்டோஸ் பயனர் பாதையை அப்படியே ஒட்டுவார். ‘யூசர்ஸ்’ கோப்புறைக்கு முன்னால் இருக்கும் பின்சாய்வுக்கோட்டையும் ‘யூ’ எழுத்தையும் பைத்தான் யூனிகோட் குறியீட்டின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். உங்கள் மென்பொருளின் வேலையே இன்னும் தொடங்கியிருக்காது. ஒவ்வொரு படியிலும் திரையில் என்ன தெரியவேண்டும் என்று காட்டுங்கள். அந்த நிரல்களை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக ஓட்டிச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த பதிப்பிலேயே பாடம் பழசாகிவிடும். உலாவிக்குள் ஓடும் பைத்தானான பயோடைட் கொண்டு, அங்கேயே நிரலை ஓட்டும் பெட்டி வைப்பது தொட்டுப் பார்க்க நல்லது. முதல் முறை ஏறுவதற்கு நேரமெடுக்கும் என்பதால், பக்கம் திறந்தவுடன் ஏற்றாமல் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஏறட்டும்.

டேனியலே புரோசிடாவின் டயட்டாக்ஸிஸ் முறை ஆவணங்களைப் பாடம், செய்முறைக் குறிப்பு, உசாத்துணை (தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கும் விவரங்கள்), விளக்கம் என்று நான்காகப் பிரிக்கிறது. நான்கையும் ஒரே நாளில் எழுதி முடிக்க வேண்டியதில்லை. பாடத்துக்குள் புகுந்திருக்கும் அளவுரு அட்டவணைகளை உசாத்துணைக்கு நகர்த்தினாலே பாதி நெரிசல் குறையும்.

தேடுபொறி வழியே வருபவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை, ஆவணத்தின் நடுவில் வந்து இறங்குகிறார், அதுவும் பலமுறை பழைய பதிப்பில். நம்பையில் ‘என்பி.ஃப்ளோட்’ என்ற பெயர் 1.20-இல் கைவிடப்பட்டு 1.24-இல் நீக்கப்பட்டது, பழைய பக்கத்தைப் பார்த்து அதை எழுதுபவருக்கு இன்று பிழைதான் மிச்சம். பழைய பக்கங்களின் மேலே, நடப்புப் பதிப்பின் அதே பக்கத்துக்கு இணைப்புள்ள எச்சரிக்கைப் பட்டையும், எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிக்கல் குறியும் வேண்டும். பட்டை முகப்புக்குக் கொண்டுபோனால் வந்தவர் மறுபடி தேட வேண்டியதுதான்.

பக்க முகவரிகளை மாற்றினால், ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்று சொல்லிப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 திருப்பிவிடல் கட்டாயம். ஆய்வுக்கட்டுரையில் அச்சாகிவிட்ட இணைப்பை யாரும் திருத்த முடியாது. தளங்களை ஏற்றி வைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸில் சொந்தமாக 301 விதி எழுத வழியில்லை, பழைய முகவரியில், திறந்ததும் தானே புதிய பக்கத்துக்குப் போகும் மெட்டா ரிஃப்ரெஷ் பக்கம் ஒன்றை விட்டுவைக்க வேண்டும். ஸ்ஃபிங்ஸின் இணைப்புச் சோதனையான லிங்க்செக் உங்கள் பக்கங்களில் உள்ள இணைப்புகளைத்தான் சோதிக்கும், வெளியிலிருந்து உங்களைச் சுட்டுபவற்றை அல்ல. அதனால் பழைய தளத்தை இறக்குவதற்கு முன்பே அதன் சைட்மேப்பை (பக்க முகவரிகளின் பட்டியல்) எடுத்து வைத்துக்கொண்டு, புதியது ஏறியதும் ஒவ்வொரு முகவரியையும் ஒரு ஸ்கிரிப்டால் கூப்பிட்டு, ‘பக்கம் இல்லை’ என்ற 404 தருபவற்றைப் பிரித்தெடுங்கள்.