ஆவாரை நாட்கள்

செப்டம்பர் 2
நெற்றுகள் காய்ந்துவிட்டன, குலுக்கினால் சலசலக்கின்றன. வண்டு துளைத்ததைக் கழித்து 40 விதை தேறியது. செடியையே பெயர்த்துக்கொண்டு போக முடியாதா என்று இரண்டு நாளாக அதையே சுற்றி வந்தேன். இத்தனை வருட ஆணிவேர். அறுத்தால் பிழைக்காது. வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்க 26 நாள்.

செப்டம்பர் 3
20 விதைகளை மட்டும் உப்புத்தாளில் தேய்த்தேன். கண் இருக்கும் முனையைத் தொடாமல், மறுபக்கம் நாலைந்து இழுப்பு. பளபளப்பு போய் வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு தண்ணீரில்.

செப்டம்பர் 4
தேய்த்தவை உப்பியிருக்கின்றன. தேய்க்காதவை கல்லாகவே கிடக்கின்றன. அவற்றுக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை ஊற்றி இரவு முழுக்க விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 5
விதைத்தாயிற்று. வேர் இறங்க உயரமான பைகள், பைக்கு ஒன்று. பாதி மண், பாதி மணல். எரு போடவில்லை, கொழுத்த மண்ணில் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். தும்பை விதையை மணலோடு கலந்து தட்டில் தூவி, உள்ளங்கையால் அழுத்தியதோடு சரி.

செப்டம்பர் 8
ஒன்றுமில்லை. மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

செப்டம்பர் 10
மூன்று! கழுத்தை வளைத்துக்கொண்டு மண்ணைத் தள்ளுகின்றன. ஒன்றின் தலையில் விதைத்தோல் இன்னும் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கிறது. பிய்க்கக் கை துறுதுறுத்தது. பிய்க்கவில்லை.

செப்டம்பர் 13
பதினாறு முளைத்து, இரண்டு செத்துவிட்டன. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து அப்படியே சாய்ந்திருக்கின்றன. என் தவறு. தூக்கம் வராத இரவுகளில் எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். வறட்சி தாங்குவது வேர் இறங்கிய பிறகுதான், முளைக்கு ஈரம் வேண்டும், உண்மைதான். ஆனால் ஈரம் வேறு, சேறு வேறு. இனி விரலை விட்டுப் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

செப்டம்பர் 14
போன் வந்தது. எடுக்கவில்லை.

செப்டம்பர் 17
பொழுது சாய்ந்ததும் குட்டி இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்கின்றன. இருட்டும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டி எதுவும் கட்டவில்லை.

செப்டம்பர் 20
தும்பை! தட்டில் ஒரு மூலையில் மட்டும், பச்சைப் பொட்டுகளாக.

செப்டம்பர் 21
வெந்நீரில் போட்டதில் பாதி இன்னும் வரவில்லை. அது அதன் இயல்பு. எல்லாம் ஒரே மழைக்கு முளைத்து, அந்த மழை ஏமாற்றிவிட்டால் வம்சமே போய்விடும். சில விதைகள் மண்ணில் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். பெரிய செடிக்கு அடியிலும் வருடா வருடம் உதிர்ந்தவை கிடக்கும். சாவி வாங்குகிறவர்கள் மண்ணை எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள்?

செப்டம்பர் 25
ஒரு பையின் அடித்துளையில் வெள்ளையாக வேர் நுனி. இருபது நாளில்! தரையில் இறங்கிவிடாமல் எல்லாப் பைகளையும் செங்கல் மேல் தூக்கி வைத்தேன்.

செப்டம்பர் 27
வண்டி நாளை காலை ஏழு மணிக்கு. பைகளை வண்டியில் ஏற்ற விடமாட்டேன், என் மடியிலும் காலடியிலும்தான்.
சாயங்காலம் பெரிய செடியில் கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவிட்டது. அந்த ரீங்காரத்தில்தான் மகரந்தம் உதிரும். மேல்கிளையில் பச்சைக் காய்கள் இருக்கின்றன. அவை காய இன்னும் எத்தனை நாள்