இலைக்கு 20 ரூபாய்

திருப்பூரில் நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் கடைகளில் ஒரு சாப்பாட்டுக் கடையும் உண்டு. பெரிய ஓட்டல் எல்லாம் இல்லை. கீழே நாலு வரிசை மேசை, மாடியில் குடும்பத்தோடு வருகிறவர்கள் உட்கார ஒரு ஏசி ஹால், அவ்வளவுதான். அரிசிம்பருப்பு சாதத்துக்கும் சந்தகைக்கும் பேர் போன கடை. பள்ளிபாளையம் சிக்கனை எண்ணெய் மிதக்காமல் செய்வார்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே கூட்டம் வரும். கடை பேர் போட வேண்டாம் என்று முதலாளி அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "விளம்பரத்துக்குப் பண்ணுனோம்னு ஆயிரும் அம்மிணி" என்றார். சரி, அவர் இஷ்டம்.

விஷயம் இதுதான். வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியே வரும் பெண்களுக்கு உதவுகிற ஒரு அறக்கட்டளையோடு சேர்ந்து, ஒரு மாதம் சனி, ஞாயிறு மதியச் சாப்பாட்டில் இலைக்கு 20 ரூபாய் எடுத்து வைத்தார்கள். சாப்பாட்டு விலையை ஏற்றவில்லை, பில்லில் தனியாக எதுவும் சேர்க்கவில்லை, கடைக்கு வரும் காசிலிருந்தே எடுத்தார்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டை மாட்டி, மதியச் சாப்பாடு முடிந்ததும் அன்றைக்கு எத்தனை இலை விழுந்தது என்று சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். கணக்கு எழுதுகிறவளாக எனக்கு இந்த சிலேட்டுதான் ரொம்பப் பிடித்தது. "லாபத்தில் ஒரு பங்கு" என்று போர்டு வைக்கிற கடைகளை எனக்குத் தெரியும். லாபம் எவ்வளவு என்று யார் பார்த்தது? கரண்ட் பில், வாடகை, தேய்மானம் எல்லாம் கழித்தால் லாபமே இல்லை என்று என்னாலேயே எழுதிக் காட்ட முடியும். இலையை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம்.

ஏன் சனி, ஞாயிறு என்றால், திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் ஊரே வேறு மாதிரி இருக்கும். கறிக்கடை, துணிக்கடை, பேக்கரி, டாஸ்மாக் எல்லாவற்றிலும் கூட்டம். ஓட்டலுக்கும் அந்த இரண்டு நாளில்தான் வியாபாரம். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மா சாதாரணமாக ஒன்று சொன்னார். "எங்களுக்கும் அப்பத்தாங்க போன் ஓயாது." செக்கிங், கை மடி என்று பனியன் கம்பெனி வேலைகளில் வாரம் முழுக்க நின்று வாங்கிய சம்பளக் கவரை, வீட்டு வாசல்படி ஏறும்போதே பிடுங்கிக்கொள்கிற ஆட்கள் உண்டு. கொடுக்க மாட்டேன் என்றால் அடி. கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு பீஸ் கட்டக் காசு வேண்டும் என்று திங்கட்கிழமை கேட்டால் அதற்கும் அடி.

அப்படிச் சம்பளத்தைப் பிடுங்குவதே குடும்ப வன்முறைதான் என்று 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. 2006 அக்டோபரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அடிப்பதோடு வாய்க்கு வந்தபடி பேசுவது, கட்டாய உறவு, சம்பளத்தையும் சீர் நகையையும் எடுத்துக்கொள்வது எல்லாம் அதில் வரும். கணவன் மேல் மட்டும்தான் போட முடியும் என்பதும் கிடையாது. அம்மாவும், அக்கா தங்கையும், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிற பெண்ணும் கூட இந்தச் சட்டத்தில் மனு கொடுக்கலாம். விவாகரத்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டா யார் பேரில் இருந்தாலும் அந்த வீட்டில் குடியிருக்கிற உரிமை அவளுக்கு உண்டு, அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருக்கலாம், உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில். "கேஸ் போட்டா குடும்பம் போயிரும்" என்று பயந்தே பாதிப்பேர் வாயைத் திறப்பதில்லை, அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் நான் ஒரு யோசனை சொன்னேன். 2024இல் வயநாடு நிலச்சரிவுக்காக திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மொய் விருந்து வைத்தார்களே, அதுபோல இலைக்கு விலையே போடாமல், சாப்பிட்டு முடித்தவர்கள் முடிந்ததை வைத்துவிட்டுப் போகட்டும் என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. நிலச்சரிவுக்குக் காசு கொடுத்தால் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை, மலை சரிந்தது, பாவம், கொடுத்தோம். இதில் அடித்தவன் என்று ஒருத்தன் இருக்கிறான். அவன் நமக்குப் பங்காளியாக இருப்பான், மச்சானாக இருப்பான், இதே கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருப்பான். எல்லோரும் பார்க்க மொய் வைக்கச் சொன்னால் கை வராது.

போஸ்டரிலும் ஒரு பஞ்சாயத்து. அச்சகத்துத் தம்பி கண் வீங்கி உதடு கிழிந்த ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு மாதிரி கொண்டு வந்தான். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா (அண்ணன் வீட்டம்மா, இந்த யோசனையே அவருடையதுதான்) ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதப் பாத்துட்டு எப்படி கண்ணு பருப்பு சாதம் எறங்கும்?" என்றார். அறக்கட்டளை அம்மாவும் அந்தப் படம் வேண்டாம் என்றார், ஆனால் காரணம் வேறு. ரத்தம் வந்தால்தான் கொடுமை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்களாம், தனக்கு நடப்பது அந்த அளவுக்கு இல்லையே என்று அடி வாங்குகிற பெண்ணே நினைத்துக்கொள்வாளாம். கடைசியில் வெறும் எழுத்து மட்டும் போட்டார்கள். 181 என்ற பெண்கள் உதவி எண், கீழே ஒரு வரி விவரம். அதையே கை அகலத்துக்கு ஸ்டிக்கராக அடித்து லேடீஸ் பாத்ரூம் கதவின் உள்பக்கமும் ஒட்டினார்கள். கணவனோ மாமியாரோ கூட வந்திருந்தாலும் அங்கே ஒரு நிமிஷமாவது அவள் தனியாக இருப்பாள் அல்லவா.

முணுமுணுப்பும் வந்தது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து வருகிற ஒரு பெரியவர் பில் கட்டும்போது, "சோத்துக் கடையில எதுக்குங்க குடும்ப விசயம், புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார். அண்ணன் வாதாடவில்லை, சிரித்துக்கொண்டே சில்லறையைக் கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்க எடுத்தால் அது 29தான். படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கிறோம் என்று மார்தட்டிக்கொள்கிற மாநிலத்தின் கணக்கு இது. 1992லேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலமும் இதுதான். மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை இந்தக் கணக்கோடு பார்த்தால், சோத்துக் கடைக்கு இந்த விஷயம் புதிதாக வரவில்லை, ஏற்கெனவே உள்ளே வந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் உண்மையான சிக்கல் நல்லவர்களிடமிருந்து வந்தது. நம் பக்கம் தானம் எப்படிச் செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள், அப்பாவுக்குத் திவசம் என்றால் இல்லத்துக்குப் போன் போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவோம். குடும்பத்தோடு போய் நாமே வாளியைத் தூக்கிப் பரிமாறுவோம், சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்போம், போட்டோ எடுப்போம், வீட்டுக்கு வந்து ஸ்டேட்டஸ் வைப்போம். அதில் தப்பு என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இங்கேயும் அதையே எதிர்பார்த்தார்கள். மூன்றாம் வாரத்துக்குள் கடை வாடிக்கையாளர்கள் வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள், நாங்களே ஒப்புட்டு செய்து கொண்டு போய்க் கொடுக்கிறோம், சேலை எடுத்துக் கொடுக்கிறோம். ஒரு கம்பெனி முதலாளி, செக் கொடுக்கும்போது பக்கத்தில் இரண்டு பேரை நிற்க வைத்தால் தொகையைக் கூட்டித் தருவதாகவே சொன்னார்.

அறக்கட்டளை அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். இடம் சொல்ல மாட்டோம், முகம் காட்ட மாட்டோம். தேடிக்கொண்டு வருகிற கணவன் ஒரு போட்டோவின் பின்னால் தெரிகிற ஜன்னலை வைத்தே தெருவைக் கண்டுபிடித்துவிடுவான். வேனில் வந்து சாப்பாடு இறக்கிவிட்டுப் போகிற டிரைவர் டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடையிலிருந்து போகும் சாப்பாட்டைக்கூட அவர்கள் நேராக வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஒரு இடம், இன்னொரு நாள் வேறு இடம் என்று அவர்கள் ஆள் ஸ்கூட்டரில் வந்து எடுத்துப் போனார். அண்ணனுக்கே இன்று வரை அந்த வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. முதலில் அவருக்கும் இது கொஞ்சம் உறுத்தியது, நம்பவில்லையோ என்று. எனக்கும் அந்தக் கம்பெனி முதலாளியின் தொகை கைவிட்டுப் போனதில் வருத்தம்தான், ஆனால் அந்த அம்மா அசையாததுதான் அவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சான்று. கூப்பிட்ட உடனே உள்ளே விட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

பணம் எதற்குப் போகிறது என்று கேட்டதற்கு மட்டும் விளக்கமாகச் சொன்னார்கள். வக்கீலுக்கா என்றால் இல்லை. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போனால் வைத்தியம், போலீஸ், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், 5 நாள் வரை தங்கலாம். ஆறாவது நாள்தான் பிரச்சினை. வேறு இல்லத்துக்குப் போகலாம், ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவராது. வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தனியாக வந்த பெண்ணுக்கு வீடு கொடுக்க யோசிக்கிற ஊரில் வாடகைக்கு அட்வான்ஸ் வேண்டும். அப்புறம் சின்னச் சின்னதாக எவ்வளவோ. ராத்திரி கிளம்பி வருவதற்கு ஆட்டோ காசு (சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லைதான், நடுராத்திரி டவுன் பஸ் எங்கே வருகிறது?), கணவன் உடைத்த போனுக்குப் பதில் ஒரு பட்டன் போன், புதுப் பள்ளியில் சேர்க்கும் செலவு, அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்ட ஆதார், ரேஷன் கார்டுக்காக அலைகிற செலவு, ஒரு கேஸ் அடுப்பு. இதற்கெல்லாம் எந்தத் திட்டத்திலும் தலைப்பு இருக்காது, இந்த மாதிரி வருகிற பணத்தில்தான் செய்ய முடியும்.

சாப்பிட வந்தவர்கள் தனியாகக் கொடுக்க விரும்பினால் அறக்கட்டளையின் க்யூஆர் அட்டையை மேசையில் வைத்திருந்தார்கள், பணம் கடைக் கணக்கில் நுழையாமல் நேரே அவர்களுக்குப் போய்விடும். அதுதான் சுத்தமான வழி என்று நான்தான் சொல்லியிருந்தேன். வருமான வரி விலக்குக்கான ரசீதும் கொடுத்தவர் பேரிலேயே வரும் (2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது, ஆசைப்படாதீர்கள்). ஆனால் அக்கா ஒன்றைக் கவனித்தார். பெண்கள் அட்டையைப் பார்க்கிறார்கள், போனை எடுக்கிறார்கள், திரும்பப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒரு அம்மா கை கழுவப் போகும்போது அக்காவின் கையில் மடித்த நூறு ரூபாயைத் திணித்து, "மெசேஜ் அவுங்க போனுக்குத்தானுங்க போவும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாளே கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு உண்டியல் வந்துவிட்டது. ரசீதும் கிடையாது, பேரும் கிடையாது. பூட்டின் சாவி அறக்கட்டளையிடம். கணக்குப் பார்த்தால் இலைக் காசுதான் பெரிய தொகை, ஆனால் உண்டியலைக் கொட்டியபோது பத்தும் இருபதுமாகச் சுருட்டிய நோட்டுகள் விழுந்ததை எண்ணி முடிக்க எங்களுக்கு நேரம் பிடித்தது.

மாதம் முடிந்து பணம் கொடுத்தாகிவிட்டது. போட்டோ இல்லை, பெரிய அட்டை செக் இல்லை, வங்கி மூலம் அனுப்பி ரசீது வாங்கி பைலில் வைத்தேன். அதற்கு முன்னால் ஒரு நாள் கடை மூடிய பிறகு, அந்த அம்மா வந்து வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். சப்ளை பையன்கள் முதல் பாத்திரம் விளக்குகிறவர்கள் வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமையே அது வேலை செய்தது. விளக்குகிற பெண்களில் ஒருத்தியின் சம்பளத்தை எப்போதும் அவள் கணவன்தான் கல்லாவில் வந்து வாங்கிப் போவான், நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. இந்த முறை அவள், "என்ற கையிலயே குடுத்துருங்கண்ணா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அவன் வந்து சத்தம் போட்டான். அண்ணன் நிதானமாக, "ஏனுங்க, உங்க சம்பளத்த வாங்கறதுக்கு உங்க வூட்டம்மா உங்க கம்பெனிக்கு வர்றாங்களா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கவும் அவன் போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டில் என்ன நடக்குமோ என்று எங்களுக்கு பயமாகத்தான் இருந்தது. அக்கா அவளைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டு, அறக்கட்டளைக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். இப்போது அவளுக்கு அவள் பேரிலேயே தனிக் கணக்கு திறந்து, சம்பளம் அதில் போகிறது. ஏடிஎம் கார்டு அக்காவின் மசாலா டப்பா அலமாரியில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறாள். இலைக் கணக்கை ஆடி முடிந்து திரும்பத் தொடங்கப் போகிறார்கள். இந்த முறை ராத்திரி டிபனையும் சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்கிறார், தோசையை எப்படி எண்ணுவது என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.